நியூயோர்க் நகரப் பாடசாலைகளை ஆள்பவர் யார்?

ஒரு நகரத்துப் பாடசாலையை ஆளும் உரிமை யாருக்கு உரியது? அப்பாடசாலை அமைந்திருக்கும் தெருவில் வாழும் பெற்றோருக்கா? நகர ஆட்சிக்கா? அன்றேல், தொலைவில் உள்ள தலைநகரில் இருந்துகொண்டு சட்டம் இயற்றிப் பணமும் வழங்கும் அரசுக்கா? கேள்வி எளிமையானது. எனினும் இதற்கு விடை காணும் முயற்சியில் ஒரு பெருநகரம் இரண்டு நூற்றாண்டுகளாக ஈடுபட்டு வருகிறது; இன்னும் முடிந்த முடிபுக்கு வந்தபாடில்லை. அந்நகரம் அமெரிக்காவிலுள்ள நியூயோர்க். அதன் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சிறு விளக்கம் வேண்டும். நம் நாட்டில் அரசாங்கப் பாடசாலை என்றதும் கல்வி அமைச்சோ மாகாணக் கல்வித் திணைக்களமோ நம் நினைவுக்கு வருகின்றது. அமெரிக்காவின் நிலை வேறு. அந்நாட்டு அரசியலமைப்பிற் கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. ஆகவே கல்வி அங்குள்ள மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ பாடசாலை நடத்தும் வேலையை ஊர்களிடம் ஒப்படைத்தன. 1647ஆம் ஆண்டிலேயே மசச்சூசெற்ஸ் குடியேற்றம், ஐம்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வோர் ஊரும் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டுமென்று விதித்தது. கட்டளை மேலிருந்து வந்தது. நிறைவேற்றும் பொறுப்பு ஊரவர் தலையில் விழுந்தது. அன்று தொடங்கிய இவ்விரட்டை ஏற்பாடு பின்னர் அந்நாடு முழுவதும் பரவிற்று. சிற்றூர்களில் அது இடையூறின்றி நடந்தது. ஆசிரியரையும் பெற்றோரையும் சபை உறுப்பினரையும் எல்லோரும் அறிவர். ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்திற் கூடுவர். பல்லாயிரக்கணக்கான அந்நியர் வந்து குவியும் பெருநகரத்திலேதான் சிக்கல் எழுந்தது.

நியூயோர்க் நகரில் 1805ஆம் ஆண்டு இலவசப் பாடசாலைச் சங்கம் என ஒன்று நிறுவப்பட்டது. அப்போது நகரின் மேயராக இருந்த டி விற் கிளின்ரன் அதன் முதல் தலைவர். எந்தச் சமயசபையையும் சாராத ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவதே அதன் நோக்கம். செல்வரும் கொடையாளரும் சேர்ந்து நடத்திய தனியார் சங்கமே அது. எனினும் மாநிலத்தின் பாடசாலை நிதியில் நகரத்துக்குரிய பங்கிற் பெரும்பகுதி நாளடைவில் அதன் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஓராசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகளின் துணையோடு நடத்தும் லங்காஸ்ரர் முறையே அப்பாடசாலைகளிற் பின்பற்றப்பட்டது. இம்முறைக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. லங்காஸ்ரர் இலண்டனிற் பாடசாலை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சென்னை எழும்பூரில் அநாதைப் பாடசாலையொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம்மவர் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பாடசாலையில் அமைத்து, 1797இல் அதைப்பற்றி இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார்.

1830களிலும் 1840களிலும் அயர்லாந்திலிருந்து கத்தோலிக்க ஏழைகள் பெருந்தொகையினராய் நியூயோர்க்கில் வந்து இறங்கினர். சங்கத்தின் பாடசாலைகளில் புரட்டஸ்தாந்தரின் விவிலியமே வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கரை இழித்துக் கூறும் பகுதிகள் பாடநூல்களிலும் காணப்பட்டன. ஆகவே அயரிஷ் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அங்கு அனுப்ப மறுத்தனர். அவர்கள் சார்பில் ஆயர் ஜோன் ஹியூஸ் 1840இல் நகரசபையின் முன் தோன்றி, பாடசாலை நிதியில் ஒரு பங்கு தம் பாடசாலைகளுக்கும் வேண்டுமென்று வாதாடினார். சங்கத்தார் பாடநூல்களிலுள்ள தகாத பகுதிகளை நீக்க முன்வந்தனர். ஆனால் பிணக்கு நூல்களோடு நின்றுவிடவில்லை. எங்கள் பிள்ளைகளை எங்களைக் கேளாமல் ஆளுவதற்கு நீங்கள் யார் என்பதே அதன் உட்பொருள். நகரசபை ஆயரின் வேண்டுகோளை நிராகரித்தது.

வழக்கு அல்பனி நகருக்குச் சென்றது. அல்பனியே நியூயோர்க் மாநிலத்தின் தலைநகர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அப்பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும். ஆளுநர் வில்லியம் சீவார்ட் குடியேறியவர்பால் அனுதாபம் கொண்டவர். 1842இல், செனற் சபையில் ஒரேயொரு வாக்கு மேலதிகத்தால் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி நகரின் ஒவ்வொரு வட்டாரத்தாரும் தம் பாடசாலைப் பொறுப்பாளரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கல்விச் சபை இருக்கும். ஆயினும் ஒரு சமயத்தின் கோட்பாட்டைப் போதிக்கும் பாடசாலைக்கு அரசின் பணம் கிடையாது. ஆயர் கேட்டது சமயப் பாடசாலைக்கு நிதி; அவருக்குக் கிடைத்ததோ வட்டார ஆட்சி. அவர் மனநிறைவு கொள்ளாது தனியே கத்தோலிக்கப் பாடசாலைகளைக் கட்டத் தொடங்கினார். சட்டம் நிறைவேறிய சில நாட்களில் நகரில் கலகம் மூண்டு, ஆயரின் இல்லத்துச் சன்னல்கள் கல்லெறிந்து உடைக்கப்பட்டன. பழைய சங்கம் 1853இல் தன் பாடசாலைகளைக் கல்விச் சபையிடம் ஒப்படைத்து மறைந்தது.

வட்டார ஆட்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்தது. இடையிற் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 1873க்குப் பின் மத்திய சபையை மேயர் நியமித்தார்; வட்டாரப் பொறுப்பாளரை அச்சபை நியமித்தது. எனினும் ஆசிரியரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் பொறுப்பாளரிடமே இருந்தது. இம்முறையின் நன்மை யாதெனில், பாடசாலை தன் சுற்றத்தின் முகத்தை அறிந்திருந்தது. ஜேர்மானியர் வாழும் வட்டாரத்தில் அவர் மொழிக்கும் இடமிருந்தது. இதன் தீமையும் வெளிப்படையானது. ஆசிரியர் பதவி வேண்டுவோர் அரசியற் செல்வாக்குள்ளோரின் வாயிலில் நிற்கவேண்டியதாயிற்று. தகுதி பின்தள்ளப்பட்டு உறவும் கட்சியும் முன்வந்தன.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிக்கலஸ் மரே பட்லர் முதலியோர் இதற்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். பாடசாலை கல்வி வல்லுநரால் ஆளப்படவேண்டும், வட்டாரத்து அரசியல்வாதிகளால் அன்று என்பது அவர்கள் வாதம். 1896இல் அல்பனிச் சட்டமன்றம் வட்டாரப் பொறுப்பாளர் முறையை ஒழித்தது. நகர ஆசிரியரிற் பெருந்தொகையினர் இம்மாற்றத்தை எதிர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டாண்டுகளின் பின், 1898இல், மான்ஹட்டன், புரூக்ளின், குயீன்ஸ், புரொங்ஸ், ஸ்ரற்றன் தீவு ஆகிய ஐந்து பகுதிகளும் இணைந்து இன்றைய பெரு நியூயோர்க் உருவாயிற்று. ஆசிரிய நியமனத்துக்குப் பரீட்சகர் சபையொன்றும் அமைந்தது. பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவருக்கு நிரற்படி நியமனம் என்பதே புதிய விதி.

இவ்விதி எத்தனையோ இளைஞருக்கு வாழ்வளித்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரின் மக்கள், பிற தொழில்களின் கதவுகள் தமக்கு அடைபட்டிருந்த காலத்தில், இப்பரீட்சை என்னும் வாயிலால் ஆசிரியத் தொழிலுட் புகுந்தனர். அவர்களுக்குப் பரீட்சையும் நிரலும் வெறும் நிர்வாக விதிகளல்ல. பாரபட்சத்திலிருந்து தம்மைக் காத்த அரண்கள். 1960இல் ஐக்கிய ஆசிரியர் சங்கம் தோன்றிற்று. அடுத்த ஆண்டில் ஆசிரியர் அனைவர் சார்பிலும் பேசும் உரிமையை அது வாக்கெடுப்பால் வென்றது. காரணங் காட்டாமல் எவரையும் அகற்றலாகாது என்ற உறுதியை ஆசிரியர் பெற்றனர்.

இதே காலத்தில் நகரின் மக்கட்கூட்டம் மீண்டும் மாறிக்கொண்டிருந்தது. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும், புவர்ட்டோ றிக்கோத் தீவிலிருந்து ஸ்பானிய மொழி பேசுவோரும் வந்து குடியேறினர். 1960களின் நடுப்பகுதியிற் பாடசாலைப் பிள்ளைகளிற் பாதிப்பேர் அளவில் இவ்விரு சமூகத்தவரே. ஆசிரியரிலோ கறுப்பினத்தவர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறத்தாற் பிரிக்கப்பட்ட பாடசாலை அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. நியூயோர்க் கல்விச் சபையும் அதனை வரவேற்றது. ஆனால் பத்தாண்டுகள் கழிந்தும் பாடசாலைகள் கலக்கவில்லை. 1964 பெப்ரவரி 3ஆம் நாள் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லாது எதிர்ப்புத் தெரிவித்தனர். 1966இல் ஹார்லம் பகுதியில் 201ஆம் இலக்க இடைநிலைப் பாடசாலை சன்னல்களே இல்லாத புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. வெள்ளை மாணவரும் அங்கு வந்து கற்பர் என்று பெற்றோருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது; அவ்வாக்கு நிறைவேறவில்லை. அப்போது பெற்றோர் புதியதொரு கோரிக்கையை எழுப்பினர். பிள்ளைகளைக் கலக்க உங்களால் இயலாதாயின், எங்கள் பிள்ளைகளின் பாடசாலையை ஆளும் அதிகாரத்தை எங்களுக்குத் தாருங்கள் என்றனர்.

நேயர்களே, இக்கோரிக்கை புதியது போலத் தோன்றினும் பழையதே. நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் அயரிஷ் பெற்றோர் கேட்டதும் ஏறக்குறைய இதுவேயன்றோ? ஆனால் இடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1840இல் எதிரே நின்றது செல்வரின் அறச்சங்கம். 1966இல் எதிரே இருந்தவை பெரியதொரு மத்திய நிர்வாகமும், தம் உரிமைகளைப் போராடிப் பெற்ற ஆசிரியரின் சங்கமும்.

1967இல் மேயர் ஜோன் லின்ட்சே ஒரு குழுவை நியமித்தார். நகரம் தன் பாடசாலை ஆட்சியைப் பரவலாக்கினால் மாநிலத்தின் மேலதிக உதவி கிட்டும் என்று அல்பனி நிபந்தனை விதித்திருந்ததும் அதற்கொரு காரணம். போர்ட் நிதியத்தின் தலைவர் மக்ஜோர்ஜ் பண்டி அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். நகரை முப்பது முதல் அறுபது வரையான சமூகப் பிரிவுகளாகப் பிரித்து அதிகாரத்தைப் பகிரலாமென்று குழு பரிந்துரைத்தது. இதற்கிடையில் மூன்று பரீட்சார்த்தப் பிரிவுகள் தொடங்கப்பட்டுவிட்டன. அவற்றுளொன்று புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஓஷன் ஹில் பிரௌன்ஸ்வில். எட்டுப் பாடசாலைகளைக் கொண்ட அப்பிரிவின் ஆட்சிச் சபைக்கு 1967 ஓகஸ்ட் மாதத்திற் பெற்றோர் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். றோடி மக்கோய் என்னும் கறுப்பினக் கல்வியாளர் நிர்வாகியானார்.

இந்தச் சபைக்கு ஒரு பெயர் இருந்தது, அலுவலகம் இருந்தது, தெளிவான அதிகாரம் மட்டும் இருக்கவில்லை. எவரை நியமிக்கலாம், எவரை மாற்றலாம், எவ்வளவு பணம் செலவிடலாம் என்பவற்றை மத்திய சபை வரையறுத்துக் கொடுக்கவேயில்லை. 1968 மே 9ஆம் நாள் அச்சபை பத்தொன்பது ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் கடிதம் அனுப்பியது. இப்பிரிவில் உங்கள் சேவை முடிவுற்றது. நகரத் தலைமை அலுவலகத்துக்குச் செல்லுங்கள் என்பது அதன் சாரம். தம் முயற்சியை இவர்கள் குலைக்கின்றனர் என்று சபை கருதிற்று. குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி எவரையும் அகற்றலாகாது என்று ஆசிரியர் சங்கத் தலைவர் அல்பேர்ட் ஷாங்கர் எதிர்த்தார். பிரிவிலிருந்த ஏறத்தாழ 350 ஆசிரியர் இவர்களுக்கு ஆதரவாக வேலைக்கு வராது நின்றனர். பின்னர் குற்றச்சாட்டுகளை விசாரித்த கறுப்பின நீதிபதி பிரான்சிஸ் றிவேர்ஸ், அவை நிறுவப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். சபையோ அவர்களை மீண்டும் ஏற்க மறுத்தது.

செப்டெம்பரிற் பாடசாலைகள் திறக்கவேண்டிய நாளில் நகர் முழுவதும் ஆசிரியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மூன்று தடவையாக நவெம்பர் நடுப்பகுதி வரை நீடித்த அப்போராட்டத்தில் 36 பாடசாலை நாட்கள் கழிந்தன. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் பணிக்குச் செல்லவில்லை. பத்து இலட்சம் பிள்ளைகளின் கல்வி தடைப்பட்டது. ஓஷன் ஹில் பிரௌன்ஸ்வில் பாடசாலைகள் மட்டும், புதிதாகச் சேர்க்கப்பட்ட இளம் ஆசிரியரோடு, பொலிஸ் காவலின் நடுவே திறந்திருந்தன. இப்புதிய ஆசிரியரிற் பெரும்பாலோர் வெள்ளையரே. அவருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் யூதர். எனினும் யூதரைத் தூற்றும் துண்டுப் பிரசுரங்கள் பரவின. சங்கம் அவற்றைக் கண்டிக்கும் நோக்கில் இலட்சக்கணக்கில் மறுபதிப்புச் செய்து நகரெங்கும் வழங்கியது. பகை மேலும் வளர்ந்தது. மனித உரிமைப் போராட்டத்தில் ஒரே அணியில் நின்ற இரு சமூகத்தார் எதிரெதிர் வரிசைகளில் நின்று ஒருவரையொருவர் ஏசினர்.

இரு தரப்பாரும் வெறும் பிடிவாதத்தால் மோதினர் என்று கூறுதல் எளிது, அது நியாயமாகாது. ஆசிரியரின் நினைவில் இருந்தது, தகுதி இருந்தும் செல்வாக்கில்லாதார் வாயிலில் நிறுத்தப்பட்ட காலம். பெற்றோரின் நினைவில் இருந்தது, வாக்குறுதிகள் ஒவ்வொன்றாய்ப் பொய்த்த பத்தாண்டுகள். காரணமின்றி என்னை அகற்றாதே என்பது ஒருவரின் உரிமை. என் பிள்ளைக்குக் கற்பிப்பவரைப்பற்றி என் சொல்லுக்கும் மதிப்பு வேண்டும் என்பது மற்றவரின் உரிமை. இரண்டும் நியாயமானவை. இவ்விரு உரிமைகளுக்கும் எல்லை வகுக்கவேண்டிய மத்திய சபையும் மாநிலமும் அதனைச் செய்யாது விட்டன. எல்லை வகுக்கப்படாத இடத்திலே போர் மூண்டது. வேலைநிறுத்தம் முடிந்தபோது மாநிலம் தன் பிரதிநிதியொருவரை அப்பிரிவின் மேல் அமர்த்தியது. வேண்டாமென்று அனுப்பப்பட்ட ஆசிரியர் திரும்பினர். வட்டாரத்தார் தொடங்கியதை அல்பனி முடித்துவைத்தது.

1969இல் புதிய சட்டம் வந்தது. நகரம் முப்பதுக்கு மேற்பட்ட சமூகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது உறுப்பினர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. தொடக்க, இடைநிலைப் பாடசாலைகள் அதன் பொறுப்பில். உயர்நிலைப் பாடசாலைகள் மத்தியிலேயே இருந்தன. ஒரு பிரிவில் இருபதினாயிரம் மாணவரேனும் இருத்தல் வேண்டுமென்று விதிக்கப்பட்டமையால் மூன்று பரீட்சார்த்தப் பிரிவுகளும் பெரிய பிரிவுகளுட் கரைந்து போயின. பெயரளவிற் பரவலாக்கம் நடந்தது. அதனைக் கேட்டவர்களுடைய சபைகளோ மறைந்தன.

இச்சபைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கின. நாட்டின் பிரசையல்லாத பெற்றோரும் இத்தேர்தலில் வாக்களிக்கலாமென்பது அதன் சிறப்பு. ஆனால் வாக்களித்தோர் சிலரே. 1970இல் நடந்த முதல் தேர்தலில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் வாக்களித்தனர். 1996இல் அது ஐந்தளவாகக் குறைந்தது. பலர் பேசாதிருந்தமையால் ஒழுங்காகத் திரண்ட சிலர் சபைகளைக் கைப்பற்றினர். ஓரிடத்தில் கட்சிக்காரர், இன்னோரிடத்திற் சங்கத்தார், வேறோரிடத்தில் உறவினருக்கு வேலை தேடுவோர். பழைய வட்டார முறையின் நோய் மீண்டும் தலைகாட்டியது. 1996இல் அல்பனி அச்சபைகளிடமிருந்து நியமன அதிகாரத்தைப் பறித்தது.

ஆயினும் எல்லாம் இருளென்று சொல்லிவிடலாகாது. கிழக்கு ஹார்லத்தில் நான்காம் பிரிவு நகரின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. 1973 முதல் அங்கு கல்வி அதிகாரியாயிருந்த அந்தனி அல்வராடோ, ஆசிரியர் தாமே சிறு பாடசாலைகளை அமைத்து நடத்த இடமளித்தார். 1974இல் டெபோரா மையர் அங்கு தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ற் பாடசாலை பிற நாட்டுக் கல்வியாளரும் வந்து பார்க்கும் பேறு பெற்றது. ஒரே சட்டம், ஒரு பிரிவில் ஊழலையும், இன்னொரு பிரிவில் இத்தகைய முயற்சியையும் விளைவித்தது. ஆட்சியின் உருவம் மாத்திரம் பலனை நிர்ணயிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. அல்பனிச் சட்டமன்றம் நகரப் பாடசாலைகள் அனைத்தையும் மேயர் மைக்கேல் புளூம்பேர்க்கின் கையில் ஒப்படைத்தது. பழைய கல்விச் சபைக்குப் பதிலாகப் பதின்மூவர் கொண்ட குழு. எண்மரை மேயரே நியமிப்பார். சமூகச் சபைகள் நீக்கப்பட்டு, ஆலோசனை கூறும் பெற்றோர் மன்றங்கள் ஏற்பட்டன. பொறுப்பு ஒருவரிடம் இருந்தால், குறைவந்தவிடத்து மக்கள் அவரைத் தேர்தலில் தண்டிக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 2004 மார்ச் மாதத்தில், மூன்றாம் வகுப்பிற் சித்தியடையாத பிள்ளைகளை வகுப்பேற்றாது நிறுத்தும் திட்டத்துக்கு எதிராக வாக்களிக்கவிருந்த தம் உறுப்பினர் இருவரை, வாக்கெடுப்பு நாளிலேயே மேயர் மாற்றினார். 2010 ஜனவரியில், பத்தொன்பது பாடசாலைகளை மூடும் தீர்மானம் நள்ளிரவு கடந்தும் நீண்ட கூட்டத்தில், பெற்றோரும் ஆசிரியரும் எழுந்து எழுந்து எதிர்த்தபோதும், நிறைவேறியது. உரிய அறிவித்தல் முறைகள் பின்பற்றப்படவில்லை என்று நீதிமன்றம் அதனைத் தள்ளிவைத்தது.

பலன் என்ன? உயர்நிலைக் கல்வியை முடித்து வெளியேறுவோர் தொகை உயர்ந்தது. பரீட்சைப் பெறுபேறுகளும் உயர்ந்தன; ஆயினும் அவற்றைப்பற்றி எச்சரிக்கை வேண்டும். 2009இற் கணிதத்தில் நகரப் பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தேர்ந்தனரெனக் கணிக்கப்பட்டது. மாநிலம் அடுத்த ஆண்டில் தேர்ச்சி மட்டத்தை உயர்த்தியதும் அது 54 ஆயிற்று. ஓராண்டிற் பிள்ளைகளின் அறிவு குறைந்துவிடவில்லை, அளவுகோல் மாறிற்று. அவ்வளவுகோலும் அல்பனியின் கையில் இருந்தது. மேயரின் அதிகாரமும் நிரந்தரமானதன்று. சட்டமன்றம் அதனைக் குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கிவந்தது. 2009இற் சில வாரங்கள் அது காலாவதியாகியே கிடந்தது. 2022இல் குழுவின் உறுப்பினர் தொகையைப் பெருக்கி இரண்டாண்டுக்கும், 2024இல் மேலும் இரண்டாண்டுக்கும் நீடிக்கப்பட்டது.

அண்டை மாநிலமான நியூ ஜேர்சி வேறொரு வழியைப் பரீட்சித்தது. அம்மாநிலம் 1989இல் ஜேர்சி நகரின் பாடசாலைகளையும், 1995இல் நியூவார்க் நகரின் பாடசாலைகளையும் நேரே தன் ஆட்சியிற் கொண்டுவந்தது. நகரசபைகளின் ஊழலும் பிள்ளைகளின் பின்னடைவும் காரணமாகக் காட்டப்பட்டன. நியூவார்க் மக்கள் தம் பாடசாலைச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். அச்சபைக்கோ ஆலோசனை சொல்வதைத் தவிர வேறு அதிகாரமில்லை. 2018இல்தான், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், ஆட்சி நகருக்குத் திரும்பியது. முதல் நாளில் பாடசாலையில் சேர்ந்த குழந்தை, அதற்குள் தானே ஒரு குழந்தையின் பெற்றோராகியிருக்கும்.

பணத்தைப்பற்றி ஒரு சொல். நகரம், வட்டாரம், மேயர் என்று நடந்த வழக்குகளினிடையே வேறொரு வழக்கும் நடந்தது. நியூயோர்க் நகரப் பாடசாலைகளுக்கு மாநிலம் போதிய நிதி வழங்கவில்லை என்று பெற்றோர் 1993இல் நீதிமன்றம் சென்றனர். 2003இல் மாநிலத்தின் மேல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 2007இற் புதிய நிதிச் சூத்திரம் வகுக்கப்பட்டது. அதனை முழுமையாக நிறைவேற்ற 2021இலேயே உறுதியளிக்கப்பட்டது. ஆட்சிமுறையை மாற்றுவது ஒரு நாளிற் கைச்சாத்திடக்கூடிய செயல். பணம் வழங்குவதோ ஆண்டாண்டு தோறும் நோக்கொடு செய்யவேண்டியது. அரசுகள் முன்னதை அடிக்கடி நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? முதலாவது, உள்ளூரா மாநிலமா என்று நாம் கேட்கும் கேள்வியிலேயே ஒரு மயக்கம் உண்டு. நியூயோர்க்கில் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தது மாநிலச் சட்டமன்றமே. வட்டாரத்துக்குக் கொடுத்ததும் அதுவே; எடுத்ததும் அதுவே; மேயரிடம் கொடுத்ததும் அதுவே. உள்ளூர் ஆட்சி என்பது அங்கு என்றும் இரவலாகவே இருந்துவந்தது.

இரண்டாவது, அதிகாரத்தை ஒன்றாகப் பேசாமற் பிரித்துப் பேசவேண்டும். பணம் தருவது யார், ஆசிரியரை நியமிப்பது யார், பாடத்திட்டம் வகுப்பது யார், பெற்றோரின் முறைப்பாட்டைக் கேட்பது யார் என்பன நான்கு வெவ்வேறு கேள்விகள். பணமும் தகுதி நிர்ணயமும் ஆசிரியரின் பாதுகாப்பும் மேலிருந்து வருவதே நன்று. அப்போதுதான் வறிய பகுதியின் பிள்ளை வறுமையாற் பின்தள்ளப்படாது. ஆசிரியரும் எவர் வாயிலிலும் நிற்கவேண்டிவராது. பாடசாலை எவ்வாறு நடக்கிறதென்று பார்ப்பதும், எந்த நேரத்தில் எந்தப் பாடசாலையை மூடுவது திறப்பது என்பதிற் கருத்துச் சொல்வதும் ஊரவரின் உரிமை. அந்த உரிமை வெறும் ஆலோசனையாக முடிந்துவிடலாகாது. 1968இல் நான்கு கேள்விகளும் ஒரே முடிச்சாய் இறுகின.

மூன்றாவது, அதிகாரம் கிடைத்த பின் அதனை ஏந்த மக்கள் வேண்டும். நூற்றுக்கு ஐந்து பேர் வாக்களித்த தேர்தலுக்கு அல்பனி மட்டும் பொறுப்பன்று. ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன். மேலிருந்து வரும் சுற்றுநிருபம் ஒருபுறம், வாயிலில் வந்து நிற்கும் பெற்றோர் மறுபுறம்; இவற்றின் நடுவிலேயே அதிபரின் நாள் கழிகிறது. சுற்றுநிருபத்துக்கு மறுமொழி எழுதத் தவணை உண்டு. பெற்றோருக்கு மறுமொழி சொல்லத் தவணை இல்லை. அவர்கள் வாராது விட்டால் எவரும் காரணங் கேட்பதுமில்லை. அதனாலேயே பாடசாலைகள் மெல்ல மெல்ல மேல்நோக்கியே பார்க்கப் பழகிவிடுகின்றன.

நியூயோர்க் நகரில் இன்றும் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைகளிற் கற்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் தம் பாடசாலையை ஆள்பவர் மேயரா, சபையா, ஆளுநரா என்று காலையில் எண்ணிப் புறப்படுவதில்லை. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா, அவர் தம்மை அறிவாரா என்பதே அவர்களுக்குத் தெரியும். எந்த ஆட்சிமுறையையும் எடைபோடுவதற்கு இதனினும் நல்ல படிக்கல் கிடையாது என்பது என் துணிபு. நேயர்களும் தத்தம் ஊர்ப் பாடசாலையை இப்படிக்கல்லால் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்களாக.